டிஜிட்டல் ஊடக வேலைகள்: சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது?

இந்திய ஊடகத் துறையின் வருவாய்ப் பட்டியலில் பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்த தொலைக்காட்சியை 2024-இல் டிஜிட்டல் ஊடகம் முந்தியது. தொழில் கூட்டமைப்பான ஃபிக்கியும் ஆலோசனை நிறுவனமான இஒய்யும் 2025 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி ஊடக, பொழுதுபோக்குத் துறையின் மொத்த வருவாய் அந்த ஆண்டு சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய். அதில் 32 சதவீதம் டிஜிட்டல்.

இந்தச் செய்தியைப் பார்த்தால் வேலைகள் குவிந்து கிடப்பதாகத்தான் தோன்றும். ஆனால் செய்தி இணையதளங்களில் பல ஆண்டு அனுபவம் உள்ள உதவி ஆசிரியர்கள் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். பத்தாயிரம் சந்தாதாரர்கள் உள்ள யூடியூபர் கேமரா கடனைக் கட்ட முடியாமல் திணறுகிறார். துறை வளர்கிறது என்பதும் உண்மை, இவர்கள் திணறுவதும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கின்றன என்பது புரிந்தால்தான் இந்தத் துறையில் எங்கே நுழைவது என்று முடிவு செய்ய முடியும்.

பணம் முதலில் எங்கே போகிறது?

அதே அறிக்கையில் டிஜிட்டல் ஊடகத்தின் வருவாய் சுமார் 80,200 கோடி ரூபாய் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அதில் விளம்பரம் மட்டும் ஏறக்குறைய 70,000 கோடி. ஓடிடி, செய்தி, இசை என எல்லாச் சந்தாக்களையும் சேர்த்தாலும் பத்தாயிரம் கோடியைச் சற்றுத்தான் தாண்டுகிறது. அதாவது எட்டு ரூபாயில் ஏழு ரூபாய் விளம்பரதாரர் கொடுப்பது.

அந்த ஏழு ரூபாயும் எழுதுபவர், படம் பிடிப்பவர் கைக்கு வருவதில்லை. பெரும்பகுதி கூகுள், மெட்டா, அமேசான் போன்ற தளங்களில் தேடல் விளம்பரமாகவும், இன்ஸ்டாகிராம் விளம்பரமாகவும், பொருள் பட்டியலில் முன்னால் வருவதற்கான கட்டணமாகவும் செலவாகிறது. செய்தி நிறுவனமும் யூடியூபரும் மீதியைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

நகைக்கடை ஒன்று அட்சய திருதியைக்கு விளம்பரம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விளம்பரத்தை எந்த ஊரில், எந்த வயதினருக்கு, எத்தனை ரூபாய்க்குள் காட்டுவது என்று உட்கார்ந்து கணக்குப் போடுபவருக்கு வேலை நிச்சயம். அந்த விளம்பரம் ஓரமாக வந்து போகும் செய்திக் கட்டுரையை எழுதியவருக்கு அந்த நிச்சயம் இல்லை. இரண்டு பேரும் இருப்பது ‘டிஜிட்டல் ஊடகத்தில்’தான்.

நான்கு கைகள்

இந்தத் துறையில் எந்த வேலையை எடுத்தாலும் அதற்கான காசு இந்த நான்கில் ஒரு கையிலிருந்து வருகிறது. வேலையின் பெயரைவிட இது முக்கியம்.

1. தளம் தரும் பங்கு

யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாட்களில் ஷார்ட்ஸ் எனும் குறுங்காணொளிகளுக்கு 1 கோடி பார்வைகள் வேண்டும். ஷார்ட்ஸ் பகுதியில் மக்கள் பார்த்த நேரம் அந்த 4,000 மணியில் சேராது என்பது பலருக்கும் தாமதமாகத்தான் தெரிய வருகிறது. நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 சதவீதம் படைப்பாளிக்கு. ஷார்ட்ஸில் கணக்கே வேறு: விளம்பரப் பணம் பொதுவில் சேர்க்கப்பட்டு, இசைக்கான பங்கு கழிக்கப்பட்டு, படைப்பாளிகளுக்கு ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதம் அவரவர் பார்வைக்கேற்பப் பிரிகிறது.

இங்கே இரண்டு அளவுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிபிஎம் என்பது ஒரு விளம்பரத்தை ஆயிரம் முறை காட்ட விளம்பரதாரர் தரும் விலை. ஆர்பிஎம் என்பது ஆயிரம் பார்வைக்குப் படைப்பாளியின் கைக்கு வந்து சேர்வது. முதல் எண்ணைக் காட்டி ஆசை காட்டுபவர்கள் அதிகம். வீட்டு வாடகை கட்டுவது இரண்டாவது எண்ணில். உதாரணத்துக்கு ஆர்பிஎம் 40 ரூபாய் என்று கொண்டால், ஒரு லட்சம் பார்வைக்கு 4,000 ரூபாய். அதை எடுத்து, எடிட் செய்து, தம்ப்நெயில் போட இரண்டு பேர் நான்கு நாள் உழைத்திருந்தால் என்ன மிஞ்சும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

பார்ப்பவர் இருக்கும் நாடும் காணொளி பேசும் பொருளும் ஆர்பிஎம்மைத் தீர்மானிக்கின்றன. கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள தமிழர் பார்த்தால் தொகை கூடும். ஆனால் அமெரிக்கப் பார்வையாளர்களிடமிருந்து வரும் பகுதிக்கு 2021 ஜூனிலிருந்து யூடியூப் அமெரிக்க வரியைப் பிடிக்கிறது. வரி விவரப் படிவம் கொடுத்த இந்தியர்களுக்கு அந்தப் பகுதியில் 15 சதவீதம். கொடுக்காதவர்களுக்கு மொத்த வருவாயிலேயே 24 சதவீதம் வரை போகலாம்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து வரும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021 ஜூலையில் 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழில் அந்த எண்ணை முதலில் எட்டிய சேனல் அதுதான். தமிழ் தெரியாதவரும் உட்கார்ந்து பார்க்கக்கூடிய காட்சிகள் அவை. அதனால் அவர்களின் சந்தை தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. அரசியல் அலசல் சேனல் தொடங்குபவர் இவர்களை முன்மாதிரியாகக் கொள்வது தவறான ஒப்பீடு. பேச்சையே நம்பியிருக்கும் சேனலுக்கு மொழிதான் எல்லை.

அப்புறம், தளம் என்பது நம் இடம் கிடையாது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கில் லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தவர்கள்கூட மறுநாள் வேறு தளத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

2. பிராண்டு தரும் பணம்

நடுத்தர அளவுச் சேனல்களுக்கும் இன்ஸ்டாகிராம் கணக்குகளுக்கும் உண்மையான வருமானம் பெரும்பாலும் இங்கேதான். காணொளிக்கு நடுவே ஒரு நிமிடம் பொருளைப் பற்றிப் பேசுவதற்குக் கிடைப்பது, அந்தக் காணொளியின் விளம்பரப் பங்கைவிடப் பல மடங்கு இருக்கலாம்.

ஆனால் இது சட்டம் வேகமாக நுழைந்துகொண்டிருக்கும் இடம். 2021-இல் விளம்பரத் தர அமைப்பான ஏஎஸ்சிஐ, காசு வாங்கிப் பேசினால் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று விதி வகுத்தது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் இதையே வழிகாட்டுதலாக வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பரிந்துரைப்பவருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு வரை எந்தப் பொருளையும் பரிந்துரைக்கத் தடையும் வரலாம்.

பங்குச்சந்தை பற்றிப் பேசுபவர்கள் மீது, அந்தச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் பிடி 2024-இல் இறுகியது. பதிவு பெறாமல் பங்கு ஆலோசனை சொல்பவர்களோடு பங்குத் தரகு நிறுவனங்கள் போன்ற செபி பதிவு பெற்றவர்கள் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி வந்தது. ‘நான் பாடம்தான் நடத்துகிறேன்’ என்பவர்களும் அண்மைய மூன்று மாத விலைகளை எடுத்துக்காட்டாகப் பயன்படுத்த முடியாது என்று 2025 ஜனவரியில் செபி விளக்கியது.

எல்லாவற்றையும் விடப் பெரிய அடி 2025 ஆகஸ்டில் வந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்த சட்டம், அவற்றை விளம்பரம் செய்வதற்கும் இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று வைத்தது. கிரிக்கெட் சேனல்களுக்கும் நகைச்சுவைச் சேனல்களுக்கும் தாராளமாகக் கொடுத்துவந்த விளம்பரதாரர் வகை ஒன்று ஒரே சட்டத்தில் காணாமல் போனது. அந்த ஆட்டங்களால் குடும்பங்கள் சிதைந்ததைப் பார்த்தவர்கள் இதற்காக வருத்தப்படப்போவதில்லை. தொழில் கணக்காகப் பார்த்தாலும், ஒரே வகை ஸ்பான்சரை நம்பிச் சம்பளப் பட்டியல் போட்ட நிறுவனத்தில் சேருவது ஆபத்து.

3. வாசகர் தரும் சந்தா

தமிழில் இது இன்னும் சிறியது. இலவசச் செய்திக்குப் பழகிய வாசகரிடம் காசு கேட்பது கடினம். விகடன் போன்ற சில நிறுவனங்கள் இதைத் தொடர்ந்து செய்கின்றன. இங்கே உருவாகும் வேலைகள் குறைவுதான் என்றாலும், ஆழமாக எழுதத் தெரிந்தவருக்கு மதிப்பு இருக்கும் இடம் இது.

4. வாடிக்கையாளர் தரும் கட்டணம்

ஜவுளிக்கடை, மருத்துவமனை, கல்லூரி, ரியல் எஸ்டேட் நிறுவனம், அரசியல் கட்சி என எல்லோருக்கும் இன்று சமூக ஊடகப் பக்கம் இருக்கிறது. அதை நடத்த ஆள் வேண்டும். ஏஜென்சி மூலமோ நேரடியாகவோ அந்த ஆளை எடுக்கிறார்கள். புகழ் இல்லை, முகம் தெரியாது, ஆனால் மாதச் சம்பளம் வரும். சென்னைக்கு வெளியே கோவை, மதுரை, திருச்சி, சேலத்திலும் இந்த வேலை இருக்கிறது. முதல் வேலை தேடும் பட்டதாரிக்கு என் கணிப்பில் இதுவே அகலமான வாசல். பலரும் இதை ‘மீடியா வேலை’ என்றே கருதாமல் தாண்டிப் போகிறார்கள்.

பெயர்ப் பலகைக்குப் பின்னால் உள்ள வேலை

வேலை விளம்பரங்களில் வரும் பெயர்கள் குழப்பமானவை. ‘கன்டென்ட் கிரியேட்டர்’ என்று போட்டுவிட்டு எழுத்து, படப்பிடிப்பு, எடிட்டிங், பதிவேற்றம், பின்னூட்டத்துக்குப் பதில் எல்லாவற்றையும் ஒருவரிடமே எதிர்பார்க்கும் இடங்கள் உண்டு. சில வேலைகளின் உள்ளடக்கம் இப்படி:

1. பெர்ஃபார்மன்ஸ் மார்க்கெட்டர். கூகுள், மெட்டா விளம்பரக் கணக்குகளை நடத்துபவர். ஒரு ரூபாய் செலவுக்கு எத்தனை ரூபாய் விற்பனை வந்தது என்பதே இவரது மதிப்பெண். எக்செல், கொஞ்சம் புள்ளியியல், நிறைய பொறுமை தேவை. மேலே சொன்ன 70,000 கோடிக்கு மிக அருகில் உட்கார்ந்திருப்பவர் இவர்தான்.

2. வீடியோ எடிட்டர். தேவை அதிகம், போட்டியும் அதிகம். வெட்டி ஒட்டத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். முதல் முப்பது நொடியில் பார்வையாளர் ஏன் கிளம்பிப் போனார் என்று ரிடென்ஷன் வரைபடத்தைப் படித்து, அதற்கேற்பக் கதையை மாற்றி அடுக்கத் தெரிந்தவர் குறைவு. கூலி வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

3. ஸ்கிரிப்ட் எழுத்தாளர். திரையில் முகம் ஒருவருடையது, சொல் இன்னொருவருடையது. பெரிய சேனல்களில் ஆய்வு செய்பவர், எழுதுபவர், பேசுபவர் என்று ஆட்கள் பிரிந்துவிட்டார்கள். பேச்சுத் தமிழில் எழுதத் தெரிய வேண்டும். அது பார்ப்பதைவிடக் கடினமான கலை.

4. எஸ்இஓ, இணைய உதவி ஆசிரியர். மக்கள் கூகுளில் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்து அதற்கேற்பச் செய்தியைத் தலைப்பிட்டு அமைப்பவர். இணையதளங்களில் விளம்பரம் காட்டிப் பங்கு தரும் கூகுளின் ஆட்சென்ஸ் சேவை 2018 பிப்ரவரியில் தமிழை ஏற்ற பிறகு தமிழ்த் தளங்களில் இந்த வேலை பெருகியது. இப்போது அதிகம் ஆட்டம் காண்பதும் இதுவே. காரணம் அடுத்த பகுதியில்.

5. உண்மை சரிபார்ப்பாளர். தமிழில் யூ டர்ன் போன்ற தளங்கள் இதை ஒரு தொழிலாகவே நிறுவின. தமிழ்நாடு அரசும் 2023-இல் தனக்கென ஒரு தகவல் சரிபார்ப்பகம் அமைத்தது. ஆனால் இந்த வேலைக்கு உலகெங்கும் பெரிய வருவாய் மெட்டாவிடமிருந்து வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அந்தத் திட்டத்தை முடிப்பதாக மெட்டா அறிவித்ததும் மற்ற நாட்டு நிறுவனங்களும் கவலைப்படத் தொடங்கின. ஒரே கையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு உதாரணம்.

6. சப்டைட்டில், டப்பிங் எழுத்து. ஓடிடி வந்த பிறகு பெருகியது. பெரும்பாலும் நிமிடத்துக்கு இவ்வளவு என்ற கூலி.

ஏஐ எந்த வேலையைத் தின்கிறது?

தமிழ்ச் செய்தித் தளங்களின் அன்றாடப் பார்வைகளில் கணிசமான பங்கு சில பக்கங்களிலிருந்து வருகிறது: இன்றைய தங்கம் விலை, ராசிபலன், பள்ளி விடுமுறை, தேர்வு முடிவு. இவற்றைத் தேடி வருபவருக்கு வேண்டியது ஒரே ஒரு வரி விடை. அந்த வரியைத் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே இயந்திரம் சொல்லிவிட்டால் அவர் தளத்துக்குள் வர வேண்டியதில்லை. அப்படி விடை சொல்லும் ஏஐ ஓவர்வியூ வசதியைக் கூகுள் 2024 ஆகஸ்டில் இந்தியாவில் கொண்டுவந்தது. ஆங்கிலச் செய்தியைத் தமிழில் மாற்றி எழுதுவது, செய்திக் குறிப்பைச் சுருக்குவது, பொருள் விவரம் எழுதுவது போன்ற தொடக்க நிலை வேலைகளுக்கும் ஏஐ நேரடி அடி. அந்த வேலைகள்தான் இதுவரை புதியவர்கள் கற்றுக்கொள்ளும் படியாக இருந்தன என்பதுதான் கூடுதல் சிக்கல்.

முகம் காட்டாமல் இயந்திரக் குரலில் நாளுக்குப் பத்து காணொளி போட்டுச் சம்பாதிக்கலாம் என்று பயிற்சி வகுப்பு விற்பவர்களும் இருக்கிறார்கள். 2025 ஜூலை 15 முதல் யூடியூப் தன் வருவாய்த் திட்ட விதியைத் திருத்தி, ஒரே அச்சில் மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் காணொளிகளுக்கு விளம்பரப் பணம் கிடையாது என்று தெளிவுபடுத்தியது. அந்த வகுப்புகளில் இது சொல்லப்படுவதில்லை.

மறுபுறம், கலெக்டர் அலுவலக மனுநாளில் போய் உட்காருவது, தகவல் உரிமைச் சட்டத்தில் ஆவணம் வாங்குவது, நீதிமன்றத்தில் காத்திருப்பது ஆகியவற்றை இயந்திரம் செய்யாது. நெல்லையிலும் கொங்குப் பகுதியிலும் வேகமாகப் பேசும் பேச்சை எழுத்தாக்குவதில் அது இன்னும் தடுமாறுகிறது. திருத்த ஆள் வேண்டும். இந்த வேலைகள் நிலைக்கும் என்பது என் எண்ணம். நல்ல சம்பளம் கிடைக்குமா என்பது வேறு கேள்வி; அதற்குச் சந்தா கொடுக்கும் வாசகர் பெருக வேண்டும்.

படிப்பு எவ்வளவு உதவும்?

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) என்ற பெயர் தமிழ்நாட்டில் ஊடகப் படிப்புக்கே ஒரு பொதுப் பெயராகிவிட்டது. லயோலா போன்ற சில கல்லூரிகளில் அதற்கு நல்ல வரலாறு உண்டு. ஆனால் பெயரை வைத்து மட்டும் சேரக் கூடாது. கேமரா, எடிட்டிங் அறை மாணவருக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும், போன ஆண்டு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

மின்னணு ஊடகத்துக்கு அண்ணா பல்கலைக்கழக ஊடக அறிவியல் துறை, இதழியலுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், ஆங்கில இதழியலுக்குத் தரமணி ஆசிய இதழியல் கல்லூரி, படத்தொகுப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் தரமணியிலேயே உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம் ஆகியவை அறியப்பட்ட இடங்கள். கல்லூரியில் எந்தப் பாடம் படித்தாலும் விண்ணப்பிக்கக்கூடியது விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம். தமிழ் இதழியலில் இன்று இருக்கும் பலர் அந்த வழியாக வந்தவர்கள்.

விளம்பரக் கணக்கு நடத்தும் வேலைக்குப் பட்டம் கட்டாயமில்லை. கூகுளின் ஸ்கில்ஷாப் தளத்தில் பாடமும் தேர்வும் இலவசம். எடிட்டிங் கற்க டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். மூன்று மாதத்தில் நூறு சதவீத வேலை என்று ஐம்பதாயிரம் கேட்கும் பயிற்சி மையத்துக்குப் போகும் முன் இவற்றை ஒரு மாதம் முயன்று பார்க்கலாம். பிடிக்கிறதா என்பதாவது காசில்லாமல் தெரிந்துவிடும்.

கையெழுத்துப் போடும் முன்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் இழக்கிறார்கள். கவனிக்க வேண்டியவை:

1. நியமனக் கடிதம். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. நியமனக் கடிதம் தருவது கட்டாயம். ‘உழைக்கும் பத்திரிகையாளர்’ என்பதன் வரையறையில் டிஜிட்டல் ஊடகத்தில் பணிபுரிபவரும் சேர்க்கப்பட்டிருக்கிறார். ‘நம்ம ஆபீஸ்ல அதெல்லாம் வழக்கம் இல்லை’ என்பது பதில் ஆகாது.

2. உரிமை யாருக்கு? 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பொதுவாகப் பணியாளர் பணியின் பகுதியாகச் செய்தது நிறுவனத்துக்குச் சொந்தம். பகுதிநேரமாக, தனியாள் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்கும் எழுத்துக்கு நிலை வேறு: எழுத்து மூலம் உரிமையை மாற்றித் தராதவரை அது எழுதியவருடையது. மாற்றித் தரும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். அதனால்தான் ஒப்பந்தங்களில் ‘என்றென்றைக்கும், உலகம் முழுவதும்’ என்ற சொற்கள் வருகின்றன. அந்த வரியைப் பார்த்தால் கூலியைக் கூட்டிக் கேட்கலாம். காசு வாங்கிக்கொண்டு எடுத்துத் தரும் புகைப்படத்துக்கும் காணொளிக்கும், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்ற விதிவிலக்கு இருப்பதால் கேமராக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

3. இலவசப் பொருளும் வருமானம்தான். 2022 ஜூலை 1-இல் வந்த விதிப்படி, ஒரு நிறுவனம் தொழில் தொடர்பாக ஓராண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கொடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கப்படும் வருமான வரி, உண்டு. மதிப்புரைக்கு வந்த போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இது பொருந்தாது, வைத்துக்கொண்டால் பொருந்தும்.

4. ஜிஎஸ்டி. தமிழ்நாட்டில் சேவை மூலம் வரும் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு தேவை. இது லாபத்தின் மீதான கணக்கு கிடையாது; செலவு கழிக்கும் முன் உள்ள மொத்த வரவு. எடிட்டருக்கும் கேமராவுக்கும் கொடுத்தது போக மிஞ்சியதை மட்டும் எண்ணிக்கொண்டு எல்லையைத் தாண்டியது தெரியாமல் இருப்பவர்களுக்கு நோட்டீஸ் வரும்போது வட்டியும் அபராதமும் சேர்ந்தே வருகின்றன. முதல் ஸ்பான்சர் பணம் வந்ததுமே ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிட்டால் அவருக்குக் கொடுக்கும் கட்டணம் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.